சூளைக் கதவு, ஒரு நிமிஷம்

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடியோ கடையில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். கத்தரிப்பதுதான் என் பிழைப்பு. தாலி கட்டி முடித்து பந்தி தொடங்கும்வரை மாமா தூங்குவார், குழந்தை சிணுங்கும், ஐயர் போனில் பேசுவார். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடுவேன். ஒன்றும் நடக்காத இடத்தை எவன் உட்கார்ந்து பார்ப்பான்?

இந்தப் புத்திசாலித்தனத்தோடுதான் என் அக்காவைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்கக் கிளம்பினேன்.

அக்கா இங்கே ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் சூளை பார்க்கிறவள். பொம்மைகளை உள்ளே அடுக்குவதிலிருந்து, தீயை ஏற்றி, அணைத்து, ஆறவிட்டுத் திறப்பதுவரை எல்லாம் அவள் பொறுப்பு. தீயை அணைத்த கையோடு சாக்பீஸ் எடுத்துக் கதவில் நாளும் நேரமும் எழுதுவாள். அதற்கப்புறம் ரெண்டு நாளைக்கு முதலாளியே வந்து நின்றாலும் திறக்க விடமாட்டாள். சூட்டோடு திறந்தால் வெளிக்காற்று பட்டு உள்ளே இருக்கிற அத்தனையும் விரிசல் விட்டுவிடும்.

அவளைச் சம்மதிக்க வைக்கவே நாலு மாசம் ஆனது. "என் மூஞ்சிய ஊரே பாக்கணுமாக்கும்! போடி, வேலையப் பாத்துக்கிட்டு" என்பாள். கடைசியில் ஒரு கண்டிஷன் போட்டாள். முதல் தடவை ஜனத்தோடு ஜனமாக உட்கார்ந்து பார்ப்பாள். பிடிக்கவில்லை என்றால் அந்தப் படத்தை நான் எங்கேயும் காட்டக் கூடாது. தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். பிடிக்காமல் போய்விடுமா என்ன! எனக்கு அவ்வளவு திமிர்.

எங்கள் வட்டாரத்துக்காரர்கள் சொந்தமாக எடுத்த படங்களுக்கென்று விருத்தாசலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடத்தினார்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. வேப்பூர் ஹைவேயில் பரோட்டா போடுகிறவரைப் பற்றி ஒரு படம், சேத்தியாத்தோப்பில் அறுவடை மிஷின் ஓட்டுகிற பெண்ணைப் பற்றி ஒரு படம், மூன்றாவது என்னுடையது. பட்டறைப் பெண்கள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு அக்கா பட்டுப் புடவையில் வந்து முன் வரிசையைப் பிடித்துவிட்டாள்.

திரையில் அக்கா பொம்மை அடுக்கினாள். விசில் பறந்தது. தீ எரிந்தது, அணைத்தாள். கதவில் 'செவ்வாய் காலை ஆறு மணி' என்று எழுதினாள். அடுத்த ஷாட்டிலேயே கைப்பிடியைப் பிடித்தாள்.

"அய்யோ, தொறக்காத! இன்னும் ஆறல!"

ஒருத்தி கத்தியதும் இருபது பேரும் எழுந்துவிட்டார்கள். "சரக்கு மொத்தமும் போச்சுடி!" என்று ஒருத்தி முகத்தைப் பொத்திக்கொண்டாள். மண்டபமே சிரித்தது. திரையில் பொம்மைகள் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தன, ஆனால் பட்டறைப் பெண்கள் யாரும் அதை நம்பவில்லை. அக்கா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அடிப்பாவி! இருவது வருசமா ஒரு சரக்கு விரிசல் விட்டதில்ல என் கையில. என்னைய வேல தெரியாதவளா ஆக்கிட்டியேடி!"

"ரெண்டு நாளும் சும்மா மூடின கதவுதானக்கா. அதுல என்ன இருக்குது காட்ட?"

"என்ன இருக்குதா? அந்த ரெண்டு நாளும் வூட்டுல எனக்குச் சோறு எறங்காது. உள்ள என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு கெடந்து தவிப்பேன். தீய ஏத்தறத யாரு வேணாலும் கத்துக்கலாம். தொறக்காம இருக்கறதுதான்டி கஷ்டம்." புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "சத்தியம் ஞாபகம் இருக்குதுல்ல?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை மாச உழைப்பு! ஒரு கதவுக்காகவா? மூணு நாள் அவளோடு பேசவில்லை.

நாலாம் நாள், எல்லாவற்றையும் அழித்துத் தொலைக்கலாம் என்று கடையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். நான் வெட்டிப் போட்ட துண்டுகள் கிடந்தன. ஒன்றில் பட்டறை மதிய வெயிலில் காலியாக இருந்தது. அக்கா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். புறங்கையால் கதவைத் தொட்டுப் பார்த்தாள், காதை வைத்துக் கேட்டாள், போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வந்தாள். இதையெல்லாம் நான்தான் எடுத்திருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை என்று நானேதான் தூக்கியும் போட்டிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. கடையில் கஸ்டமர் இருந்ததுகூடத் தெரியாமல் அழுதேன்.

அந்தத் துண்டுகளைப் படத்தில் திரும்பச் சேர்த்து, போனில் போட்டு அக்காவிடம் நீட்டினேன். முறைத்துக்கொண்டேதான் வாங்கினாள். முழுசாகப் பார்த்துவிட்டு, "இதக் காட்டு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

இந்த வருஷமும் அதே மண்டபம், அதே முன் வரிசை. மூடிய கதவு மட்டும் திரையில் முழுசாக ஒரு நிமிஷம்.

பின்னாலிருந்து ஒருவர், "படம் நின்னுபோச்சு போலருக்குது" என்றார்.

அக்கா திரும்பினாள். "நிக்கலங்க, ஆறுது. நாங்க ரெண்டு நாள் பொறுத்துக்கிட்டோம், நீங்க ஒரு நிமிஷம் பொறுங்க."

திரையில் கதவு திறந்ததும் பட்டறைப் பெண்கள் கைதட்டினார்கள், பின்னாலிருந்தவரும் தட்டினார். அக்கா தட்டவில்லை. சீட்டு நுனிக்கு வந்து, எதிலாவது விரிசல் இருக்கிறதா என்று பொம்மை பொம்மையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.