நட்சத்திரம் இல்லாத வாசல்

கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவது எங்கள் வீட்டில் அப்பாவின் வேலை. கிளேபாங்கில் கடலோரம் இருந்த வீட்டில், டிசம்பர் பிறந்ததும் மூங்கிலைப் பிளந்து, பட்டம் செய்கிற காகிதத்தை ஒட்டி, வாசலில் தொங்கவிடுவார். வேறு யாரும் கை வைக்கக் கூடாது. வீட்டில் சாவு விழுந்த வருடம் மட்டும் நட்சத்திரம் கிடையாது. எங்கள் வேதக்காரக் குடும்பங்களில் அது வழக்கம். வாசலைப் பார்த்தே துக்க வீடு என்று தெரிந்துகொள்வார்கள்.

நான் ஓர் இந்துவைக் கட்டிக்கொண்டு காஜா பேராங்குக்குப் போன வருடம் அப்பா நட்சத்திரம் கட்டவில்லை. அடுத்த வருடமும் கட்டவில்லை. நான் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு, சைக்கிளில் வந்து போகிற தூரத்தில்தான் இருந்தேன். அப்பாவோ எனக்குத் துக்கம் காத்துக்கொண்டிருந்தார்! பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நானும் அவர் மகள்தானே, போய்க் காலில் விழ எனக்கும் மனம் வரவில்லை.

கலியாணத்துக்கு முன்பே நானும் என் வீட்டுக்காரரும் பேசி வைத்திருந்தோம். தீபாவளி, கார்த்திகை, பொங்கல் எல்லாம் அவருடைய வழக்கப்படி நடக்கும். கோலம் போடுவேன், விளக்கேற்றுவேன். கிறிஸ்துமஸ் மட்டும் என்னுடையது. வாசலில் நட்சத்திரம் தொங்கும். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று சிரித்தவர் அவர்தான். ஆனால் முதல் டிசம்பரில், "புதுசா குடி வந்திருக்கோம், அக்கம்பக்கம் என்ன நினைக்கும்?" என்றார். அடுத்த டிசம்பரில், "வீட்டுக்கார அம்மா செட்டி. கோயில் குடும்பம். காலி பண்ணச் சொல்லிட்டா எங்க போறது?" என்றார். நான் செய்த நட்சத்திரம் இரண்டு வருடமும் உள்ளே அலமாரியின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. நான் மட்டும் கார்த்திகைக்கு ஒரு விளக்கு குறையாமல் ஏற்றினேன்.

மூன்றாவது வருடம் மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது. ஆகஸ்டில் தெரு முழுக்க வாசலுக்கு வாசல் கொடி பறந்தது. ஊரே வாசலை அலங்கரிக்கும்போது எனக்கென்ன பயம் என்று, டிசம்பர் வந்ததும் நேரே வீட்டுக்கார அம்மாவிடமே போய்க் கேட்டேன். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிற இந்துக்களின் குடியிருப்பான கம்போங் செட்டியில் பிறந்து வளர்ந்தவர். சாமி காரியத்தில் என் வீட்டுக்காரரைவிடக் கெட்டி. ஆனால் தமிழ் வராது. தாராளமாகத் தொங்கவிடு, இதைக் கேட்க வேறு வேண்டுமா என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். புது நட்சத்திரத்துக்கு மூங்கிலும் அவர் தோட்டத்திலேயே வெட்டிக் கொடுத்தார். இந்த நல்ல மனுஷியின் பேரைச் சொல்லித்தானே போன வருடம் இவர் என் வாயை அடைத்தார் என்று அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. புருஷன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அந்த வாரம் மீன் பசாரில் அம்மாவைப் பார்த்தேன். அப்பாவுக்குத் தெரியாமல் நாங்கள் சந்திக்கிற இடம் அதுதான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா இறங்கி வந்துட்டாருடி. கிறிஸ்துமஸ் அன்னிக்குக் காலப் பூசை முடிஞ்சு உன் வீட்டு வழியா வர்றாராம். வாசல்ல நட்சத்திரம் இருந்தா உள்ள வருவாராம். இல்லேன்னா நிக்காம போயிடுவாராம்."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோது அழுகையும் சிரிப்புமாக வந்தது. "வரட்டுமே, நானே உள்ள கூட்டிட்டு வர்றேன்" என்றார். முக்காலி போட்டு ஏறி, நட்சத்திரத்தைத் தன் கையாலேயே மாட்டினார்.

கிறிஸ்துமஸ் காலையில் நான் அடுப்படியில் அப்பாவுக்குப் பிடித்த அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். முன்னறையில் பேச்சுக்குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால் என் வீட்டுக்காரரின் அண்ணன். ஜாசின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருப்பவர். வேதக்காரியைக் கட்டினான் என்று தம்பியின் வாசற்படியை அதுவரை மிதிக்காதவர், சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்திருந்தார். காப்பி கலந்து கொடுத்துவிட்டு, எண்ணெய் காய்கிறதே என்று அடுப்படிக்கு ஓடினேன். முறுக்கை முடித்துவிட்டு வாசலுக்கு வந்தபோது நட்சத்திரத்தைக் காணோம். அந்த இடத்தில் மாவிலை தொங்கியது.

"நட்சத்திரம் எங்கங்க?"

"காத்துல அறுந்து விழுந்துடுச்சும்மா. கிழிஞ்சு போச்சு."

தூறலில் நனைந்தபடி தெருமுனையில் மத்தியானம் வரை நின்றேன். அப்பா வரவில்லை. கயிற்றைத் திட்டினேன், காற்றைத் திட்டினேன். அப்பாவுக்கென்று சுட்ட முறுக்கை அண்ணன் தின்று, நல்ல மொறுமொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதுவருடம் பிறந்த பிறகு பசாரில் அம்மா என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விடாமல் கேட்ட பிறகுதான் சொன்னாள்.

"வாசல்ல நட்சத்திரம் இல்லேன்னாலும் மனசு கேக்காம சைக்கிள நிறுத்தி எறங்கியிருக்காரு. உன் புருஷன் வெளிக் கேட்டுக்கு வந்து, 'அவளுக்கு இப்ப இதெல்லாம் பிடிக்கிறதில்ல மாமா, அவளேதான் கழட்டச் சொன்னா'ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. நீ வருவேன்னு மொத நாள்தான் நம்ம வாசல்லயும் நட்சத்திரம் கட்டினாரு. வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அவரே கழட்டிட்டாரு."

வீட்டுக்கு வந்து கேட்டபோது இவர் மறுக்கக்கூட இல்லை.

"அண்ணன் உள்ள உக்காந்திருக்காரு, உங்கப்பா சிலுவையும் கழுத்துமா வாசல்ல நிக்கிறாரு. என்ன பண்ணச் சொல்ற? அடுத்த வருசம் மாட்டிக்கலாம்லா. பொங்கலுக்கு அண்ணன் நம்ம ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்காரு தெரியுமா?"

சந்தோஷமாகச் சொன்னார். என் அப்பாவைக் கொடுத்து அவர் தன் அண்ணனை வாங்கிக்கொண்டார். அதற்கு என் பேரையே பயன்படுத்திக்கொண்டார். நட்சத்திரத்தைக் கழற்றியதைக்கூட நான் மன்னித்திருப்பேன்.

மறுநாளே பஸ் ஏறி கிளேபாங்குக்குப் போனேன். அப்பா உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்; எழுந்து வரவில்லை. அம்மா மட்டும் வாசலுக்கு வந்தாள். நான் படியில் நின்றபடி, உள்ளே கேட்கும்படி சொன்னேன்: "நான் கழட்டச் சொல்லலப்பா. அவர் சொன்னது பொய்."

அப்பா என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் பேசினார்.

"பொண்டாட்டியப் பத்தி எந்தப் புருஷனாவது வாசல்ல நின்னு பொய் சொல்லுவானா? கேளு அவள."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். போன மாதம் யாராவது வந்து உன் புருஷன் பொய் சொன்னார் என்று சொல்லியிருந்தால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன்.