எடுத்துக் கொடுத்த வசனம்

"ப்ராம்ப்டர்: நடிகர் மறந்த வசனத்தை மறைவிலிருந்து எடுத்துக் கொடுப்பவர்." மகள் பரீட்சைக்குச் சத்தமாகப் படித்ததும் அவளுக்கு அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்.

நான் படித்த அன்னவாசல் பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் அந்த வேலை என்னுடையது. வென்ற ராஜா என் அண்ணன். தோற்ற ராஜா சித்தப்பா மகன் முத்து. கிணற்றுத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அட்டைக் கத்தி ஒடிந்துபோனதால் அண்ணன் கையில் நிஜ அரிவாள்.

"மன்னிச்சிருங்கன்னு சொல்லு," என்று படுதாவுக்குப் பின்னாலிருந்து கிசுகிசுத்தேன். முத்துவுக்கு வசனம் மனப்பாடம். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் ஓங்கிய அரிவாள் ஓங்கியபடியே நின்றது. முன்வரிசையில் சித்தப்பா எழுந்துவிட்டார்.

"அண்ணே, நீ மன்னிப்புக் கேட்டுரு!" என்று மறுபடி கிசுகிசுத்தேன்.

ஓங்கிய கை தாழ்ந்தது. "மன்னிச்சிருடா முத்து," என்றான் ஜெயித்த ராஜா.

கேட்டுக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "ப்ராம்ப்டர் சொந்தமா வசனம் சொல்லலாமாம்மா?"

"கூடாது," என்றேன்.