பிளீச்சிங் பவுடர் மேல் ஊற்றிய ஆசிட்

படகில் பாசி போகவே மாட்டேனென்கிறது, என்ன போட்டால் போகும் என்று யாராவது போனில் கேட்டால், "இதுக்கு முன்னாடி என்ன போட்டீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது. வரட்டும். ஒரு தடவை அந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். அப்போது என் அக்காவின் கணவர் மேல்தளத்துக்குக் கீழே, ஐஸ் ரூமுக்குள் இருந்தார்.

மீன்பிடித் தடைக்காலம் முடிய நான்கு நாள் இருந்தது. இரண்டு மாதம் கட்டிக் கிடந்த படகு. நடுவில் பெய்த கோடை மழையில் மேல்தளம் முழுக்கப் பச்சைப் பாசி பிடித்து, கால் வைத்தால் வழுக்கியது. கீழே, பிடித்த மீனைப் போட்டுவைக்கும் ஐஸ் ரூம் சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. நான் விராலிமலைப் பக்கம் ஒரு கம்பெனியில் லேப் வேலையில் இருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். சொந்தப் படகுக்கு ஒரு வேலையும் செய்வதில்லை என்ற பேச்சு எனக்கு உறுத்தலாகவே இருந்தது. இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, வரும் வழியில் பாத்ரூம் கழுவுகிற ஆசிட் மூன்று பாட்டில் வாங்கி வந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. மச்சான் கீழே கம்பி பிரஷால் பூஞ்சையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்பா படகின் பின்பக்கம் வலையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு, ஆபீசரா?" கீழேயிருந்து மச்சானின் குரல். "சட்டை அழுக்காயிரும் மாப்ள, அங்கிட்டு நெழல்ல போய் ஒக்காருங்க."

"நீங்க ஒரு வாரமா தேய்க்கிறத நான் அரை மணி நேரத்துல முடிக்கிறேன் பாருங்க."

"முடிங்க, முடிங்க. அப்பறம் அந்தக் கம்பெனிய விட்டுட்டு எங்கிட்ட வேலைக்கு வந்துருங்க."

பலகை இடுக்குகளிலெல்லாம் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. உப்பு என்று நினைத்தேன். எங்கள் ஊரில் வெள்ளையாக எது படிந்திருந்தாலும் உப்புதான். கயிற்றில், வலையில், செருப்பில், வண்டி சீட்டில். குனிந்து தொட்டுப் பார்க்கவில்லை. விடிகாலையில் மச்சான் இரண்டு கிலோ பிளீச்சிங் பவுடரை ஈரத்தோடு தூவி ஊறவிட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் ஆசிட் வாங்கி வந்தது அவருக்குத் தெரியாது.

இரண்டு பாட்டிலைக் கவிழ்த்தேன். தரை பொங்கி நுரைத்தது. பாசி வெந்து போகிறது என்று எனக்குச் சந்தோஷம். அடுத்த மூச்சில் மூக்குக்குள் ஊசி குத்தியதுபோல இருந்தது. அந்த வாடையை நான் பிளஸ் டூ லேபில் ஒருமுறை முகர்ந்திருக்கிறேன். குளோரின். காற்றைவிட அடர்த்தி மிகுந்தது. இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்த வரி. மேலே நின்ற எனக்கே இப்படி என்றால், அது இறங்கிப் போகிற இடம் எது? மேல்தளத்தில் ஐஸ் ரூமின் வாய் திறந்து கிடந்தது. தண்ணீர் உள்ளே இறங்காமல் அதைச் சுற்றித் தடுக்கும் கட்டையையும் மராமத்துக்காகக் கழற்றி வைத்திருந்தார்கள். ஆசிட் கலந்த நுரை அந்த விளிம்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

"மச்சான், மேல வாங்க! ஒடனே வாங்க!"

"என்னத்தய்யா ஊத்துன, கண்ணு எரியுது," என்று சிரிப்போடுதான் ஆரம்பித்தார். முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. ஏறுவதற்குச் சுவரில் அடித்திருந்த கட்டைகளும் பூஞ்சை பிடித்தவைதான். இரண்டு கட்டை ஏறியவர் வழுக்கிக் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

அப்பா ஒரு வாளி கடல்தண்ணீரோடு ஓடி வந்தார்.

"ஊத்தாதீங்க!" என்று கத்தினேன். "ஊத்துனா எல்லாம் உள்ள போயிரும். கயிற எடுங்க, கயிற!"

அப்பாவிடம் நான் அப்படிக் கத்தியதில்லை. அவர் வாளியை அப்படியே போட்டுவிட்டு, மீன் கூடை தூக்கும் கயிற்றை எடுத்து வந்தார். துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துக் கயிற்றைக் கீழே விட்டேன். கண்ணைத் திறக்க முடியவில்லை.

"கக்கத்துல மாட்டுங்க மச்சான்! மாட்டிட்டீங்களா?"

பதில் இல்லை. இருமலும் நின்றுவிட்டது. குதித்துவிடலாம் என்று காலை உள்ளே விட்டேன். அப்பா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். அந்த நேரத்தில் கயிறு ஒரு முறை ஆடியது. இருவரும் இழுத்தோம். வழுக்கும் தரையில் என் கால் நிற்கவில்லை. உட்கார்ந்துகொண்டு, கம்பத்தில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். முதலில் கை தெரிந்தது, பிறகு தலை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு உதடெல்லாம் நீலமாக இருந்தது. எங்களுக்கு முன்னாலேயே அக்கா வந்து நின்றாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

டாக்டரம்மா, "என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"படகுல பாசிங்கம்மா, வழுக்கி விழுந்துட்டாரு," என்றார் அப்பா. என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

டாக்டரம்மா மச்சானின் முதுகைத் தடவி எலும்பு எதுவும் முறிந்திருக்கிறதா என்று தேட ஆரம்பித்தார். மச்சானுக்கு நெஞ்சு விசில் அடிப்பதுபோல இழுத்துக்கொண்டிருந்தது. அக்கா என் பக்கத்தில்தான் நின்றாள்.

"இல்ல மேடம். பிளீச்சிங் பவுடர் கெடந்தது. அதுமேல நான் ஆசிட் ஊத்திட்டேன். இவரு கீழ, காத்தோட்டமில்லாத ரூம்ல இருந்தாரு. அஞ்சு நிமிஷத்துக்குள்ள தூக்கிட்டோம்."

டாக்டரம்மா கையை எடுத்துவிட்டு நர்சைக் கூப்பிட்டார். ஆக்சிஜன் வந்தது, ஊசி வந்தது. இன்று ராத்திரி வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது, நுரையீரலில் நீர் கோக்கலாம் என்றார். பிறகு என்னிடம், "படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி."

அவர் மச்சான் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா மெதுவாகச் சொன்னாள்: "வெளிய நில்லு. நீ உள்ள வராத."

வராந்தாவில் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்டது. வாட்சைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். மதியம் ஒரு நிமிடத்துக்கு நான்கைந்து தடவை. மூன்று மணிக்கும் அப்படியே. நான்கு மணி வாக்கில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, கதவைத் தள்ளிக்கொண்டு ஓடப் பார்த்தேன், மறுபடி இருமினார். ஆறு மணிக்குமேல் இடைவெளி நீண்டது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒருமுறை ஐந்து நிமிடம். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து என் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழரைக்கு அக்கா கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது.

"டீ கேக்குறாரு. கொஞ்சம் கொடுக்கலாமாம். தொண்ட புண்ணா இருக்கு, நல்லா ஆத்தி வாங்கிட்டு வா."

ரோட்டைத் தாண்டி டீக்கடைக்கு ஓடினேன்.