முத்தாத்தாள் அக்கா தூங்கிய காலை

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் பால் அளப்பவள் நான். பெயர் சிவசங்கரி. வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

முத்தாத்தாள் அக்கா முப்பது வருடமாக விடியற்காலை இரண்டரைக்கு எழுந்து நான்கு மாடு கறந்தவர். புல் நறுக்கி, தவிடு ஊறவைத்துப் படுக்கப் பதினொன்று ஆகிவிடும். "தூங்கறவ ஊட்டுல மூதேவி குடியிருப்பா அம்மிணி" என்று பெருமையடிப்பார். அதைக் கேட்டு நானும் வாயைப் பிளந்திருக்கிறேன், புத்தி கெட்டவள்!

போன ஆடியில் வந்தது வினை. மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலில் மருந்து இறங்கும், மூன்று நாள் அதைச் சொசைட்டியில் ஊற்றக் கூடாது. அக்கா இரண்டாம் நாளே ஊற்றிவிட்டார். ஊற்றிய பிறகு ஞாபகம் வந்து, அவரே கத்திச் சொன்னார். மொத்தக் கேனையும் சாக்கடையில் கொட்டினேன். திட்ட எனக்கே மனசு வரவில்லை.

அந்த மாதத்தில் இது மூன்றாவது மறதி. மகன் கோபிநாத் பயந்துவிட்டான். "அம்மாவுக்குப் புத்தி தடுமாறுதுங்க்கா. அடுத்த சந்தையில மாட்டையெல்லாம் தள்ளிடறேன்" என்றான். மாடு போனால் அக்கா அரை உயிராகிவிடுவார், அது அவனுக்கும் தெரியும்.

மருமகள் யோகப்பிரியாவும் நானும் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க, கோளாறு தலைக்குள்ளங்க. கழுத்தை ஏனுங்க அமுக்கறீங்க?" என்றார் அக்கா.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ரத்தக் குழாயிலருந்து கசியற நீரை வாரித் திரும்ப ரத்தத்துல சேர்க்க, நிணநீர்க் குழாய்னு தனி வழி இருக்கும்மா. கழுத்துலயும் அக்குள்லயும் இருக்கிற முடிச்சுகள் அதை வடிகட்டும். அதைத் தள்ள இதயம் மாதிரி ஒண்ணு கிடையாது. நாம அசைஞ்சாத்தான் நல்லா ஓடும்."

"நான் நாள் பூரா குனிஞ்சு நிமிர்றவளுங்க!"

"மூளைக்கு அது மட்டும் பத்தாது. அங்க சேர்ற கழிவை நீர் கழுவி எடுக்குது. அதுல ஒரு பங்கு மூளையை மூடின உறையில இருக்கிற நிணநீர்க் குழாய் வழியா இந்தக் கழுத்துக்குத்தான் இறங்குது. நல்லாத் தூங்கும்போதுதான் அந்த வேலை மும்முரமா நடக்குதுன்னு சொல்றாங்க. ஆராய்ச்சி இன்னும் முடியலை. மறதிக்கு வேற காரணமும் இருக்கலாம், ரத்தம் பார்ப்போம். மூணு மாசம், தினம் ஏழு மணி நேரம் தூங்கிட்டு வாங்க."

திரும்பும் பஸ்ஸில் அக்கா, "மாடுக நிக்கறப்பக் கட்டுத்தரையைக் கழுவ முடியாதில்ல அம்மிணி? அவுத்து வெளிய கட்டோணும். என் மண்டைக்குள்ள நான் ஒரு நாளும் அவுக்கவே இல்லியே" என்று அழுதார்.

சரி, தூங்கலாம். யார் கறப்பது? கோபிநாத் உட்கார்ந்தான். செவலை மாடு பாலை அடக்கிக்கொண்டு வாளியை உதைத்தது. சத்தம் கேட்டு அக்கா எழுந்து ஓடினார். முதல் மூன்று நாளும் இதே கூத்து. தூக்கமும் போச்சு, பாலும் போச்சு. "சந்தைதான்" என்றான் கோபிநாத்.

நான்காம் நாள் யோகப்பிரியா ஒரு காரியம் செய்தாள். அக்கா முந்தின நாள் உடுத்திக் கழற்றிப் போட்ட சேலையை அப்படியே சுற்றிக்கொண்டு செவலையிடம் உட்கார்ந்தாள். மாடு ஒரு தடவை முகர்ந்து பார்த்தது, பாலை விட்டுவிட்டது.

அக்கா கண் விழித்தபோது மணி ஆறரை. பதறியடித்துக் கட்டுத்தரைக்கு ஓடினார். நான்கு மாடும் கறந்து முடிந்திருந்தன. தன் சேலையில் மருமகள் நிற்பதைப் பார்த்தார்.

"அடிப்பாவி மாடே! அப்ப இத்தனை வருசமா நீ என்னையப் பாக்கலே, சேலையைத்தான் பாத்தியா?"

சொல்லிக்கொண்டே அழுதார். யோகப்பிரியா, "உங்க வாசத்துக்குத்தானுங்க அத்தை பாலை விட்டுச்சு" என்றாள் மெதுவாக.

அக்கா பகலெல்லாம் செவலையோடு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்ததும் கட்டியிருந்த சேலையைக் கழற்றி, மடித்து, மருமகளின் கையில் கொடுத்தார்.

"துவைச்சுப்போடாதே அம்மிணி" என்று சொல்லிவிட்டு, எட்டரைக்கே படுத்துவிட்டார்.