முனியம்மா போட்ட பொரி

மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே வரிசை நீண்டிருந்தது. இருமல் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். மருந்துப் பெட்டிகள் எடுத்துவர மெட்ராஸ் போயிருந்த எங்கள் ஆஸ்பத்திரி ஜீப் டிரைவர் பின்கதவு வழியாக வந்து, "சார், நம்ம ரெஜினா சிஸ்டர் பூட்டாங்களாம் சார்" என்றார். பெரம்பூரில் தன் அக்கா மகன் வீட்டு மாடி அறையில் இறந்திருக்கிறார். அடக்கமும் முடிந்துவிட்டதாம். எங்களுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. வரிசையில் நின்ற அம்மாவுக்கு மூடி போட மறந்து பாட்டிலைக் கொடுத்தேன். அவரே மூடிக்கொண்டு போனார்.

ஒரகடத்திலிருந்து வல்லம் வடகால் வரை ரெஜினா சிஸ்டர் கையில் பிறக்காத பிள்ளைகள் குறைவு. இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவர் பிரசவம் பார்த்திருப்பார். உங்களையே அவர்தான் முதலில் தூக்கியிருக்கவும் கூடும். பிரசவ அறையைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. நான் கம்பவுண்டர். எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த அவருடைய குவார்ட்டர்ஸும், அதில் ஜன்னலோரமாக இருந்த கண்ணாடித் தொட்டியும்தான்.

அவர் ராயபுரத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஊரே கேட்டது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லிச் சிரிப்பார். எங்கள் ஊர்ப்பக்கம் மாற்றலாகி வந்த புதிதில், சாயங்காலம் வெளிநோயாளிகள் போய்விட்டால் அந்த இடத்தில் ஒரு குரல் இருக்காது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வல்லக்கோட்டைக்குப் போய்விடுவேன். என் வீட்டில் கூட்டுக் குடும்பம், எந்நேரமும் சந்தைக் கடை. ஒருமுறை நான் அந்த இரைச்சலைத் திட்டிக்கொண்டே சைக்கிளைத் துடைத்தபோது அவர் சொன்னார்: "எனக்கு ஒரு நாளைக்கு அத கடன் குடுங்க சார்." கிண்டல் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த விடுமுறையில் மூர் மார்க்கெட்டுக்குப் போய், பால் தூக்கு ஒன்றில் ஏஞ்சல் மீன் ஜோடி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். தட்டையான உடம்பு, கறுப்புக் கோடு, மேலும் கீழும் நீண்ட துடுப்பு. தின்னவும் முடியாத மீனைக் காசு கொடுத்து வாங்குவார்களா என்று ஆஸ்பத்திரி ஆயா என்னிடம் வந்து முறையிட்டுவிட்டுப் போனார்.

மீன் வளர்ப்பது தண்ணீர் வளர்ப்பதுதான் என்பார் சிஸ்டர். தண்ணீர் நன்றாக இருந்தால் மீன் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளுமாம். கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்ற மாட்டார். அண்டாவில் ஒருநாள் ஆறப் போடுவார். முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்ற மாட்டார். கொஞ்சம் எடுத்து, எடுத்த அளவு ஊற்றுவார். மார்கழியில் தொட்டியைச் சுற்றிக் கம்பளி கட்டி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டுச் சூடு காட்டுவார். தீனி மிகவும் குறைவு. "பசியால செத்த மீன நான் பாத்ததில்ல சார். பாசத்தால செத்ததுதான் ஜாஸ்தி" என்பார். அவருடைய மீன்களுக்கு மிகவும் பிடித்தது கொசுப்புழு. கொசுவை ஒழிக்கச் சம்பளம் வாங்கும் ஆஸ்பத்திரியில், பின்புறச் சாக்கடையிலிருந்து ஒருவர் வடிகட்டியில் கொசுப்புழு அள்ளிக்கொண்டு போவதை மலேரியாக்காரர்கள் பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்று நான் கேட்டேன். அவர்கள் வேலையைத்தான் நானும் செய்கிறேன் என்றார்.

மீன் வந்ததும் வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. கர்ப்பப் பரிசோதனைக்கு வந்த பெண்கள், கூட வந்த மாமியார்கள், தடுப்பூசிக்கு அழுத பிள்ளைகள் எல்லோரும் குவார்ட்டர்ஸுக்குள் போய்த் தொட்டியின் முன் உட்கார்ந்துவிடுவார்கள். மீனைப் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். பிறகு வீட்டுச் சண்டை, விளைச்சல், நாத்தனார் என்று பேச்சு போகும். சிஸ்டர் டீ போட்டபடி இருப்பார். நான் மருந்துச் சீட்டைக் காட்டச் சொல்லிக் கத்தினால், "வர்றாங்க சார், வர்றாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்த நாட்களில் அவர் முகத்தில் இருந்த களையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஏஞ்சல் ஜோடி முட்டையிடும். யாராவது கண்ணாடியைத் தட்டினால் மிரண்டு அவையே தின்றுவிடும். உடைந்த சிலேட்டுத் துண்டு ஒன்றைத் தொட்டியில் சாய்த்து வைத்தார் சிஸ்டர். அதில் இட்ட முட்டைகள் ஒருவழியாகப் பொரிந்தன. ஊசிமுனை அளவில் குஞ்சுகள் நீந்தின. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிழிந்து அவற்றுக்கு ஊட்டினார். வெளியில் எத்தனையோ குழந்தைகளை எடுத்துக் கொடுத்தவர், தன் வீட்டில் பிறந்த இவற்றைக் காட்ட என்னை அலுவல் நேரத்தில் இழுத்துக்கொண்டு போனார். நான்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தேன்.

அந்த வாரம் வாலாஜாபாத்தில் முகாம். சிஸ்டர் போயே ஆகவேண்டும். வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார். காற்றுக்காக ஜன்னலை மட்டும் திறந்து வைத்தார். இடையில் கிருத்திகை வந்தது. வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் குளத்து மீனுக்குப் பொரி போடுவது உங்களுக்குத் தெரியும். முனியம்மா என்று ஒரு பெண். குறுக்கே கிடந்த பிள்ளையைத் திருப்பி எடுத்து, தாயையும் பிள்ளையையும் சிஸ்டர் பிழைக்க வைத்திருந்தார். அந்த முனியம்மா கோயிலிலிருந்து திரும்பும் வழியில், மிச்சப் பொரியை ஒரு பிடி விடாமல் ஜன்னல் கம்பி வழியே தொட்டிக்குள் போட்டார். எங்கள் ஆயாவும் பக்கத்தில் நின்று, நல்ல காரியம் என்று சொல்லியிருக்கிறார்.

சிஸ்டர் திரும்பி வந்தபோது தண்ணீர் அரிசி கழுவிய நீராக வெளுத்து நாறிக்கொண்டிருந்தது. பெரிய மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. குஞ்சு ஒன்றுகூட இல்லை. நானும் ஆயாவும் தண்ணீர் சுமந்து கொடுத்தோம். அப்போது முனியம்மா இடுப்பில் பிள்ளையோடு வந்து நின்றார்.

"நர்ஸம்மா ஊர்ல இல்லியே, மீனுங்க பட்டினியா கெடக்குமேன்னு வயிறு நெறைய போட்டேம்மா. துன்னுச்சா?"

நான் வாயைத் திறந்தேன். சிஸ்டர் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "நல்லா துன்னுச்சு முனியம்மா. உள்ள வா, உக்காரு" என்றார். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஈரக் கையைத் துடைக்கவும் மறந்திருந்தார்.

அதன்பின் வாசலில் ஒரு சிமெண்ட் தொட்டி வந்தது. ஏரியிலிருந்து பிடித்த கெண்டைகளை அதில் விட்டார். சாமி பொரி எல்லாம் இதில் போடுங்கள் என்று எல்லோரிடமும் சொன்னார். யோசனை என்னுடையது, பெருமையாக இருந்தது. கெண்டைகள் எதையும் தின்று தாங்கின. உள்ளே ஏஞ்சல் ஜோடி அமைதியாக மறுபடி முட்டையிட்டது. இந்த முறை குஞ்சுகள் தாய் தகப்பன் போலவே துடுப்பு நீட்டி, காலணா அளவுக்கு வளர்ந்தன. மெட்ராஸ் கடைகளில்கூட அப்படிப்பட்ட மீன்களை நான் பார்த்ததில்லை. அவர் ஜெயித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் சைக்கிளை எடுக்கப் போனபோது சிஸ்டர் வாசற்படியில் தனியாக நின்றிருந்தார். பெண்கள் வாசல் தொட்டியில் பொரியைப் போட்டுவிட்டு, அப்படியே பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "டீத்தூள் தீரவே மாட்டேங்குது சார்" என்றார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஏஞ்சல் மீன்களைக் குஞ்சுகளோடு தூக்குகளில் விட்டு, பஸ் ஏறி, மூர் மார்க்கெட்டில் கொடுத்துவிட்டு வந்தார். கெண்டைகளை உள்ளே கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினார். சிமெண்ட் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டார். எனக்குக் கோபமான கோபம். ஏரியில் சும்மா கிடைக்கும் கெண்டையைக் கண்ணாடியில் வைக்கவா இத்தனை பாடு, தினமும் பொரி ஊறித் தண்ணீர் நாறப் போகிறதே என்று சத்தம் போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"தண்ணி கெட்டா மாத்திக்கலாம் சார். ஆள் வராத வூட்ட வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நடந்தது. முனியம்மா உள்ளே போய்ப் பொரி போடுவார், உட்காருவார், பேசுவார். மறுநாள் காலை சிஸ்டர் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார். தண்ணீரை அவ்வளவு காப்பாற்றியவர், அதைக் கெடுக்க ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பெரம்பூர் மாடி அறைக்கு அவர் தொட்டியைக் கொண்டுபோகவில்லை. அக்கா மகன் வீட்டில் எல்லோருக்கும் வேலை, மாடிக்கு யாரும் ஏறுவதில்லை என்று ஒருமுறை பென்ஷன் விஷயமாக வந்தபோது சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது.

செய்தி வந்த மறுவாரம் முனியம்மா மருந்து ஜன்னலுக்கு வந்தார். விஷயம் தெரிந்து அழுதிருக்கிறார், கண் வீங்கியிருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் கைப் பொரிய துன்னுதான் சார் அந்த மீனுங்க அப்டி வளந்துச்சிங்க. நர்ஸம்மாவே சொல்லுவாங்க. உங்களுக்குத் தெரியும் இல்ல?"

தெரியும் என்றேன். நன்றாக வளர்ந்தன, வேறு எங்கும் அப்படி மீன் பார்த்ததில்லை என்றேன். எரிந்து விழுவதற்குப் பேர்போன எனக்கு அது அவ்வளவு சுலபமாக வந்தது. முனியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் தெளிந்து போனார்.

ரெஜினா சிஸ்டரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது, அன்று அவர் முனியம்மாவுக்குச் சொன்ன அந்த ஒரு பதில்தான். முனியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இதைப் படிக்கிற நீங்கள் யாரும் அவருக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.