துவாரகனுக்கு மூன்றாம் இடம்தான்

இரண்டு வாரங்களுக்கு முன்பு, வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து ஐயர் திருநீறு கொடுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் எனக்கு முன்னால் கௌரி நின்றாள். ஜேர்மனிக்கு வந்த காலம்தொட்டு என் தோழி. வழக்கமாகத் திரும்பிப் பார்ப்பாள். என் இமையில் திருநீறு உதிர்ந்திருந்தால் சேலைத் தலைப்பால் துடைத்துவிடுவாள். அன்றும் திரும்பினாள். என்னைக் கண்டாள். முகத்தை நவக்கிரகங்களின் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நவக்கிரகங்களும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. எங்கள் இருவரையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்!

நான் செய்த குற்றம் என்ன? அவளுடைய மகனை மூன்றாம் இடத்தில் வைத்தேன். அவ்வளவுதான்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்கள் என்னைப் பதிகங்களோடும் பண்களோடும் மட்டுமே அறிவார்கள். ஆகவே இதைச் சொல்லிவிடுகிறேன் — நான் ஐஸ் ஹொக்கி பார்ப்பவள். சும்மா பார்ப்பவளும் அல்லள். சீசன் டிக்கெட் வைத்திருப்பவள். ஹம்பேர்க்கின் ஓரத்தில், எஸ்-பான் ரயில் நிலையத்துக்கு எதிரே எங்கள் அணியின் பனி மண்டபம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்பு ஒரு நவம்பர் மாலையில், ரயில் தாமதமானதால் குளிருக்கு ஒதுங்க உள்ளே போனேன். குளிருக்கு ஒதுங்கப் போய்ப் பனிக்கட்டிக்கு முன்னால் உட்கார்ந்த முதல் மனுஷி நானாகத்தான் இருப்பேன். ஆனால் எத்தனை விளக்குகள்! அந்த இருட்டு மாதத்தில், கோவிலை விட்டால் இத்தனை வெளிச்சம் வேறு எங்கே கிடைக்கும்? அன்று ரயிலை மறந்தேன். இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறேன்.

"பக்தி எழுதும் கை இதையும் எழுதலாமா?" என்று யாராவது கேட்கக்கூடும். எழுதலாம். எழுதுகிறேன்.

எங்களுடையது தொழில்முறை அணி. அதன் இளையோர் பிரிவில் வளர்ந்த ஐந்து பிள்ளைகளில் ஒருவர், புத்தாண்டுக்குப் பிறகு முதல் அணியில் சேர்க்கப்படுவார். யாரைச் சேர்ப்பது என்பது பயிற்றுநரின் முடிவு. ஆனால் அதற்கு முன்பு, ரசிகர் சங்கம் தன் உறுப்பினர்களில் ஐவரை நடுவர்களாக அமர்த்தி, அந்தப் பிள்ளைகளை வரிசைப்படுத்தச் சொல்லும். ஒவ்வொரு நடுவரும் தம் வரிசையையும், ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சிறு காரணத்தையும் எழுதி, பெயரோடு மண்டப வாசலில் ஒட்டவேண்டும். பயிற்றுநர் அதன்படி நடப்பார் என்றில்லை. ஆனால் நின்று வாசிப்பார்.

இந்த முறை நானும் நடுவர். ஐந்து வீரர்களில் கௌரியின் மகன் துவாரகனும் ஒருவன். அந்த மண்டபத்தில் மட்டை பிடித்த முதல் தமிழ்ப் பிள்ளை.

செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? நான் சங்கத்திலிருந்து வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றுவதற்குள் தொலைபேசி அடித்தது. கோவில் செயலாளர்.

"அக்கா, ஒரு சின்ன விசயம். எங்கட பெடியனை முதலாவதாப் போட்டுவிடுங்கோ."

"முதலாவதா விளையாடினால் போடுறன் தம்பி."

"விளையாட்டை விடுங்கோ அக்கா. நாங்கள் ஆரெண்டு வெள்ளைக்காரனுக்குத் தெரியட்டும்."

"ஹொக்கியிலை விளையாட்டை விட்டால் மிச்சம் என்ன தம்பி இருக்கு? ஐஸ் மட்டும்தான்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் கோவில்களில் பிள்ளைகளுக்கு நடக்கும் பண்ணிசைப் போட்டிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. போட்டிக்கு முந்திய வாரம் முழுவதும் நடுவர் வீட்டுத் தொலைபேசி ஓயாது. பரிசளிப்பு நாளில் முதற்பரிசு வாங்காத பிள்ளையை மண்டபத்தில் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஒருமுறை, ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் முதற்பரிசு என்று எழுதிக் கொடுத்தேன். அதன்பின் என்னை நடுவராக அழைக்கவில்லை. அழைக்காத பெருந்தன்மைக்கு இன்றும் நன்றியுடையேன்.

இப்போது அந்த முறையை ஐஸ் ஹொக்கிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்...

கௌரி தொலைபேசி எடுக்கவில்லை. நேரே வந்தாள். கையில் ஒரு பெட்டி நிறையப் பயத்தம்பணியாரம்.

"அக்கா, நான் உங்களிட்டை ஒண்டும் கேக்க வரேல்லை."

"தெரியுது. பெட்டியைக் கீழை வை."

"நீங்கள் நியாயமாத்தான் செய்வியள். எனக்குத் தெரியாதே..."

கேட்காமல் பணியாரம் கொண்டுவருவதுதான் எங்கள் ஆட்கள் கேட்கும் முறை. பணியாரத்தை உண்டேன். மிக நன்றாக இருந்தது. அதையும் மறைக்கவில்லை.

சரி, எங்களவர்கள்தான் இப்படி என்று நினைத்தேன். ரசிகர் சங்கத் தலைவர் உவே — பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், நல்ல மனிதர் — கோப்பிக் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"துவாரகன்தான் முதலாவது, இல்லையா? உள்ளூர்ப் பத்திரிகைக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். நீங்களும் அவரும் ஒரே படத்தில். நீங்கள் சேலையில், அவர் ஹெல்மெட்டோடு!"

"கதைக்கு இடம் கொடுப்பதென்றால் நான் நாவலுக்கு நடுவராகப் போயிருப்பேன், உவே. இது ஹொக்கி."

"உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று நினைத்தேன்..."

அவர் முகம் வாடிவிட்டது. அன்பினால் சொன்னவர்தான். ஆனால் கவனித்தீர்களா? ஒரு பக்கம், எங்கள் பிள்ளை என்பதற்காக முதலிடம் கேட்கிறார்கள். மறுபக்கம், உங்கள் பிள்ளை என்பதற்காக முதலிடம் தருகிறேன் என்கிறார்கள். அந்தப் பிள்ளை பனியில் என்ன செய்கிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை! இதைவிட ஒரு விளையாட்டு வீரனை அவமதிக்கும் வழி உண்டா?

நான் பார்த்தேன். ஒரு பருவம் முழுவதும் பார்த்தேன்.

அதிகக் கோல் போடுபவன் ஒருவன் இருக்கிறான். எந்த இடத்திலிருந்தும் அடிப்பான். எவருக்கும் கொடுக்க மாட்டான். குரல் இருக்கும், தாளத்தோடு சேரமாட்டாது — அப்படிப் பாடுபவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். நான்காம் இடம். மலைபோல வளர்ந்த ஒருவன், மோதுவதையே விளையாட்டு என்று எண்ணி, விதி மீறியவர்களை உட்காரவைக்கும் தண்டனைப் பெட்டியிலேயே குடியிருப்பான். ஐந்தாம் இடம். கோல் காப்பவன் லூக்காஸ். கோல் விழுந்தால் தன் ஆட்களைத் திட்டாமல், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் குனிந்து நிற்பான். இரண்டாம் இடம்.

முதலிடம் யோனாஸுக்கு. பின்வரிசைக்காரன். அவனுடைய பெயரை ஒலிபெருக்கியில் கேட்பது அரிது. ஆனால் பந்துக்குப் பதிலாக இங்கே அடிபடும் அந்தக் கறுப்பு வட்டை எங்கள் அணி பறிகொடுத்த மறுகணம் முதலில் திரும்புபவன் அவன்தான். யார் பார்க்கிறார்கள், பார்க்கவில்லை என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை.

துவாரகன்? கால்களில் அப்படியொரு வேகம். மட்டையில் வட்டு ஒட்டிக்கொண்டு வரும். திறமையில் ஐவரிலும் மேல். அதை முதல் சொல்லாகவே எழுதினேன். ஆனால் ஒரு நல்ல பாஸ் கொடுத்தவுடன், எதிராளி ஒருவனை வெட்டித் தாண்டியவுடன், அவன் தலை நிமிரும். நடு வரிசை இருக்கைகளைப் பார்ப்பான். அங்கே கோவில் கூட்டத்தில் பாதி உட்கார்ந்திருக்கும். அவன் பார்த்து முடிப்பதற்குள் எதிரணி வட்டோடு திரும்பிவிடும்.

வாழ்நாளெல்லாம் பதிகம் கேட்டுப் பழகியவள் நான். மூலஸ்தானத்தைப் பார்த்துப் பாடுபவர் யார், சபையைப் பார்த்துப் பாடுபவர் யார் என்பது முதல் அடியிலேயே தெரிந்துவிடும். சபையைப் பார்த்துப் பாடுபவரின் குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், கற்பூரம் அணைந்தபின் காதில் எதுவும் தங்குவதில்லை.

"திறமையில் முதல்வர். ஆனால் இருக்கைகளைப் பார்க்கிறார்." இப்படி எழுதினேன். மூன்றாம் இடம். கையொப்பம்.

மற்ற நடுவர்களில் இருவர் துவாரகனை முதலாவதாக வைத்திருந்தார்கள், இருவர் யோனாஸை. என் வாக்கோடு யோனாஸ் முந்திவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? செயலாளர் மீண்டும் அழைத்தார்.

"வெள்ளைக்காரருக்கு முன்னாலை எங்கட பெடியனை விட்டுக்குடுத்திட்டியளே அக்கா! உங்களுக்கு மனம் எப்பிடி வந்தது?"

"எழுதுற நேரம் மனம் தெளிவாத்தான் இருந்தது தம்பி."

"திருத்தி எழுத ஏலாதோ?"

"ஏலும். எழுத மாட்டன்."

அரசன் ஆளனுப்பி அழைத்தபோது, வரமுடியாது என்று பதிகம் பாடி அனுப்பிய அடியாரின் வழியில் வந்தவர்கள் நாங்கள். அந்தப் பாடலைச் சிறுவயதில் மனனம் செய்து பரிசும் வாங்கியிருக்கிறோம். அரசனுக்கு அஞ்சாத பாட்டைப் பாடிவிட்டு, செயலாளரின் தொலைபேசிக்கு அஞ்சலாமா?

ஆனால் உண்மையைச் சொல்கிறேன். செயலாளர் உறைக்கவில்லை. நவக்கிரகப் பக்கம் திரும்பிய அந்த முகம் உறைத்தது. இந்த நாட்டில் எனக்குக் காய்ச்சல் என்றால் மிளகு ரசத்தோடு வந்து நிற்கும் ஒரே ஆள் அவள். அவளை இழந்துவிடுவேனோ என்ற பயம் அன்றிரவு முழுவதும் கூடவே இருந்தது. பயம் இருந்தது. பட்டியலும் அப்படியே இருந்தது.

அடுத்த நாள் பயிற்சி முடிகிற வேளையில் மண்டபத்துக்குப் போயிருந்தேன். ஈரத் தலையோடு, தன்னளவு பெரிய பையைத் தோளில் போட்டுக்கொண்டு துவாரகன் எதிரே வந்தான். நானே முதலில் பேசினேன்.

"கோவமோ?"

"இல்லை அன்ரி. நீங்கள் எழுதினதைப் படம் எடுத்து ட்ரெய்னருக்குக் காட்டினனான்."

"ஏன், முறைப்பாடோ?"

"அவர் விழுந்து விழுந்து சிரிச்சவர். 'நான் இதைத்தானே உனக்குச் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்' எண்டார்."

"தெரிஞ்சுகொண்டும் பிறகேன் பாக்கிறாய்?"

அவன் பையை இறக்கிவைத்தான்.

"பாக்காட்டி வீட்டை போக ஏலாது அன்ரி! 'உன்ரை அம்மாவைக் கண்ணிலை தெரியேல்லையோ' எண்டு அம்மா கேப்பா. கை காட்டாட்டி, 'பெடியனுக்கு இப்பவே தலைக்கனம்' எண்டு மற்ற ஆக்கள் சொல்லுவினம். எல்லாரும் எனக்காகத்தானே குளிருக்கை வந்து இருக்கினம்? நான் எப்பிடிச் சொல்றது, வந்தாலும் உங்களைப் பாக்க மாட்டன் எண்டு?"

இருக்கைகளைப் பார்க்கிறான் என்று எழுதினேனே, இருக்கைகள் அவனைச் சும்மா விட்டனவா? அந்த நடு வரிசையில் எத்தனையோ நாள் நானும் கை உயர்த்தியிருக்கிறேன்.

"இப்ப நான் என்ன செய்யவேணும்?" என்றேன்.

"ஒண்டும் வேண்டாம். நீங்கள் போர்டிலை எழுதிப்போட்டியள்தானே. இனி நான் பாக்காட்டி, உங்களைத்தான் ஏசுவினம். என்னை இல்லை."

சிரித்தான். பையைத் தூக்கினான். போய்விட்டான். பாரத்தை என் தலையில் அவ்வளவு அழகாக இறக்கினான் — அவன் கொடுத்ததிலேயே மிகச் சிறந்த பாஸ் அதுதான்!

சென்ற ஞாயிற்றுக்கிழமை இளையோர் ஆட்டம். நான் இந்த முறை நடு வரிசைக்குப் போகவில்லை. கோலுக்குப் பின்னால் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தேன். இரண்டாம் பகுதியில் துவாரகன் இருவரை வெட்டித் தாண்டினான். நடு வரிசை முழுவதும் எழுந்து நின்று கைகளை உயர்த்தியது. அவன் நிமிரவில்லை. வட்டு பறிபோனது, யோனாஸுக்கும் முன்பாக அவனே திரும்பி ஓடினான். பறித்தான். கொடுத்தான். வேறொருவன் கோல் போட்டான். அப்போதும் நிமிரவில்லை. உயர்ந்த கைகள் சிறிது நேரம் அப்படியே நின்றன. பிறகு ஒவ்வொன்றாக இறங்கின.

இடைவேளையில் யாரோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். கௌரி.

"ஒருக்காக்கூடப் பாக்கேல்லை அக்கா."

"ஓம். கண்டனான்."

"உங்களுக்கு இப்ப சந்தோசமோ?"

"ஓம்."

அவள் பனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. வாய் சிரித்தது. இரண்டில் எது உண்மை என்று நான் கேட்கவில்லை.

"நல்லாத்தான் விளையாடுறான், என்ன?" என்றாள் மெதுவாக.

"நல்லா விளையாடுறான்."

கைப்பையைத் திறந்தாள். மறுபடியும் ஒரு பணியாரப் பெட்டி வெளியே வந்தது. என் மடியில் கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

"கோவத்தோடைதான் தாறன். அது இன்னும் போகேல்லை."

"பரவாயில்லை, தா."

"இனி எண்டாலும் முதலாவதோ?"

"இரண்டாவது. யோனாஸ் இன்னும் முன்னுக்குத்தான்."

"உங்களோடை ஏலாது அக்கா!"

ஏலாதுதான். புத்தாண்டில் யாரைச் சேர்ப்பார்கள் என்பது பயிற்றுநருக்கே வெளிச்சம். யார் அழைத்தாலும் தொலைபேசியை எடுப்பேன். மரியாதையாகப் பேசுவேன். வரிசை மட்டும் மாறாது — பனியில் எதுவும் மாறாதவரை.

பணியாரம் இந்த முறையும் நன்றாகவே இருந்தது. அதற்கு மட்டும், போட்டியின்றி, முதலிடம்.