மேளம் இல்லாத பூசை

அண்ணியோடு பறவை பார்க்க மலை ஏறுகிறவர்கள் வாயை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டும். நான் பேச்சுக்காரன்; எனக்கு அது பெரிய தண்டனை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறேன். வாரம் முழுக்கக் குளுவாங் நகரத்துத் தொழிற்சாலையில் கால் கடுக்க நின்று வேலை பார்ப்பவர், கிடைக்கிற ஒரு நாளும் தூங்காமல், அட்டைக்கடிக்கு உப்பை முடிந்துகொண்டு கிளம்பிவிடுவார். பாதையில் கிடக்கும் பிளாஸ்டிக் போத்தல்களைப் பொறுக்கி என் பையில்தான் போடுவார்.

பாலோ ஊரில் எங்கள் பக்கம் செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் மலைப்பாதை தொடங்குகிறது. தொடக்கத்திலேயே முனீஸ்வரன் கோயில். அதற்குச் சற்று மேலே ஒரு பெரிய மரம். அதன் பொந்தில் இருவாட்சி கூடு வைக்கும். பெண் பறவை உள்ளே போய், வாசலைச் சேற்றாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிஞ்சும். அதன் வழியே ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அது வராவிட்டால் தாயும் குஞ்சும் பட்டினி.

போன வருடம் அப்படித்தான் ஆனது. கோயில் திருவிழாவில் உருமி மேளம் காதைப் பிளந்தது, பட்டாசு வெடித்தது. பறந்து போன ஆண் பறவை திரும்பவே இல்லை. சில நாள் கழித்துப் பெண் பறவை அடைப்பை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. குஞ்சு வரவில்லை.

இந்த வருடமும் அதே பொந்து, அதே சமயத்தில் திருவிழா. கோயில் கூட்டத்தில் அண்ணி எழுந்து நின்றார்.

"இந்த வருசம் மேளம், பட்டாசு வேணாங்க. பூசை மட்டும் செய்யலாம்."

கோயில் தலைவர் கொதித்துப் போனார். "அலமாக்! மேளம் அடிக்காம சாமி எப்படிம்மா இறங்கும்?"

எங்கள் ஊரில் சாமி இறங்குவது என் அண்ணன் மேல். உருமி உறுமினால்தான் அவர் உடம்பு ஆடும்; பிறகு ஊரே வரிசையில் நின்று குறி கேட்கும். எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அண்ணன் தன் பெண்டாட்டியைப் பார்த்தார்.

"செஞ்சு பாப்போம் லா," என்றார்.

"சாமி வரலன்னா?" தலைவர் விடவில்லை.

"பழிய என் மேல போடுங்க," என்றார் அண்ணி.

அந்தத் துணிச்சல் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. சாமி இறங்காத திருவிழா என்றால், அடுத்த வருடம்வரை ஊரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், யாருக்கு வேலை போனாலும், எல்லாம் அண்ணி தலையில்தான் விடியும்.

திருவிழா அன்று காலையில் அண்ணன் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு, கண்ணை மூடிச் சந்நிதி முன் நின்றார். கற்பூரம் எரிந்து அணைந்தது. மறுபடியும் ஏற்றினார்கள். அண்ணன் உடம்பில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை. பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் அண்ணியை முறைத்தார். அண்ணியோ சாமியைப் பார்க்காமல் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை கூட்டத்தைக் கண்டு பறவையும் வராமல் போனால் இரண்டும் போச்சு.

அப்போது அந்தச் சிறகுச் சத்தம் கேட்டது. பழைய ரயில் மேட்டில் மூச்சு வாங்குவதுபோல எங்கள் தலைக்கு மேலே கடந்து போனது. ஆண் இருவாட்சி பொந்தருகே போய் அமர்ந்தது. சிவந்த கொம்போடு அத்தனை பெரிய அலகு. அதன் நுனியில் ஒரேயொரு அத்திப்பழம். கீறல் வழியே உள்ளிருந்து ஓர் அலகு நீண்டு அதை வாங்கிக்கொண்டது. ஆண் பறவை தொண்டையிலிருந்து அடுத்த பழத்தை எடுத்தது. அத்தனை பொறுமையான ஊட்டலை நான் மனிதர்களிடம்கூடப் பார்த்ததில்லை. அண்ணியின் கன்னம் நனைந்திருந்தது. என்னுடையதும்தான்.

கூட்டம் மொத்தமும் மரத்தின் பக்கம் திரும்பியிருந்தது. அண்ணன் கண்ணைத் திறந்தார். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"எனக்குச் சாமி வரலைங்க," என்றார் தயங்கித் தயங்கி.

தலைவர் மரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

"ஷ்ஷ்... பேசாதீங்க லா," என்றார் மெதுவாக. "அது ஊட்டி முடிக்கட்டும்."